ரமணியின் முட்டை

கிள்ளான் தாமான் செந்தோசாவில் ஒரு குழந்தை சொறிந்துகொண்டால் போதும், அந்தச் செய்தி பந்திங் வரை போய், அங்கிருந்து ஒரு கைவைத்தியத்தையும் கூட்டிக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடும். ரமணியின் மகள் ஷாமினிக்கு நான்கு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். தோல் சிவந்து, வெடித்து, நீர் கசியும். அவள் சொறிகிற வேகத்துக்கு ஒரு மூடித் தேங்காயைத் துருவிவிடலாம் என்று அப்பா குரு கேலி பேசுவான். பேசிவிட்டு அவள் இரண்டு கைகளையும் தன் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ரமணிக்கு அடுக்குமாடி வாசலில், தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலியும் முட்டையும் வைத்துக் கட்டித்தரும் நாசி லெமாக் கடை. தினமும் பானை நிறைய முட்டை அவித்து உரிக்கிறவள். பொட்டலம் வாங்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பத்தியத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"கத்திரிக்கா கரப்பான் பண்டம்லா தங்கச்சி, வீட்டுக்குள்ளயே விடாதே" என்றார் லோரி ஓட்டும் பாலன்.

"பாலை நிறுத்திப் பாரு, பளிங்கு மாதிரி ஆயிடும்" என்றாள் மேல்மாடி மலர்விழி ஆன்டி.

நெத்திலி போனது, கடலை போனது, வாழைப்பழம்கூடப் போனது. கடைசியில் குழந்தையின் தட்டில் சோறும் ரசமும்தான் மிஞ்சின. டாக்டர் தந்த களிம்பு தோலை உரித்துவிடும் என்று யாரோ பயமுறுத்த, எறும்புக்குப் பொட்டு வைப்பதுபோல் அதைத் தொட்டு வைத்தாள்.

அப்படியும் ஆறவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை முருகன் சன்னதியில் நின்று, "இவ உடம்பு சுத்தமாகிற வரைக்கும் முட்டை, மீனு, கோழி எதையும் இவ வாயில வைக்கமாட்டேன்" என்று வேண்டிக்கொண்டாள். தன் நாக்கை விட்டுவிட்டுப் பிள்ளையின் நாக்கைக் கட்டினாள்.

முருகன் கேட்டாரோ இல்லையோ, கிளினிக் தராசு கேட்டுவிட்டது. ஷாமினியின் எடை போன வருஷத்தைவிடக் குறைந்திருந்தது. டாக்டர் ராஜினி குழந்தையின் குச்சிக் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"ரமணி, பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கறீங்களா, விரதம் குடுக்கறீங்களா?"

ரமணி பத்தியங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

டாக்டர் பரிசோதனைகள் செய்தார். பிறகு ஒருநாள் முட்டை சேர்த்த கேக்கைக் கிளினிக்கிலேயே துளித்துளியாகக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து கவனித்தார். அதில் முட்டை இருப்பது தெரியாமல் ஷாமினி விரலைக்கூட நக்கினாள். ஒன்றும் ஆகவில்லை.

"இவளுக்கு முட்டை ஆகும், பாலும் ஆகும். பயந்துகிட்டு மறுபடி நிறுத்திடாதீங்க. கரப்பான் வரும், போகும். குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர் போடுங்க. சிவந்த எடத்துல களிம்பை நான் காட்டின அளவுக்குப் போடுங்க."

வேண்டுதலைப் பற்றி டாக்டரிடம் சொல்ல ரமணிக்கு வாய் வரவில்லை. நேரே கோவிலுக்குப் போய்க் குருக்களிடம் கொட்டினாள்.

"வேண்டிக்கிட்டது யாரும்மா?"

"நான்தான் சாமி."

"அப்புறம் பிள்ளையை ஏன் பட்டினி போடறே? அவளுக்கு வேண்டிக்கிட்டதை நீ ஏத்துக்கோ. அவ உடம்பு தேறுற வரைக்கும் முட்டை, மீனு, கோழியை நீ விட்டுடு. முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்."

சூடத்தைத் தொட்டு அங்கேயே ஏற்றுக்கொண்டாள். வீடு வருகையில் கால் தரையில் படவில்லை.

மறுநாள் காலை, கடைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஷாமினியிடம் உரித்த முட்டையை நீட்டினாள். குழந்தை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

"வேணாம்மா. அது தோலைக் கடிக்கும்."

"யாருடா சொன்னா?"

"நீதான்."

ஆமாம், அவள்தான். கடை முட்டையைக் குழந்தை எடுத்துவிடக் கூடாதே என்று, பானைக்குள் பல் முளைத்த முட்டைகள் இருப்பதாக எத்தனையோ கதை சொல்லியிருந்தாள்.

குரு ஒரு முட்டையை முழுதாக வாயில் போட்டு, கன்னத்தை உப்பிக் காட்டினான். ஷாமினி சிரிக்கவில்லை.

"அப்பா தோல் வேற. எனக்கு அம்மா தோலு. அம்மா சாப்பிடட்டும்."

ரமணிக்குச் சின்ன வயதில் இதே கரப்பான் இருந்தது. "நீ அப்படியே அம்மா தோலு" என்று தடவிக்கொடுத்ததும் அவளேதான். ரமணி குருவைப் பார்த்தாள். அவன் வாய் நிறைய முட்டையோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நேற்று சூடத்தைத் தொட்ட அதே விரல்களில்தான் இப்போது முட்டை இருந்தது. எதிரே குழந்தையின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

கண்ணை மூடிக் கடித்தாள். மென்று விழுங்கினாள்.

ஷாமினி ஸ்டூலைவிட்டு இறங்கி வந்தாள். அம்மாவின் சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கை மடிப்பைக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, ரெண்டு பொட்டலம்! லோரி நிக்குதுலா!" என்று முன்னாலிருந்து பாலன் கத்தினார்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள் ரமணி, கையை அசைக்காமல்.