பெல்பாட்டமும் இரண்டு ஊக்குகளும்

ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு நான் வாத்தியாராகப் போன புதிது. பெல்பாட்டம் காலம். குள்ளமான நான் குதி உயர்ந்த ஷூ வாங்கி, அந்த உயரத்துக்கே பேண்ட்டும் தைத்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மைல் நடை. மூன்றே மாதத்தில் முட்டி வீங்கிவிட்டது. மாற்றல் கேட்டு மனு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று நடக்க முடியாமல் மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். களை வெட்டப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்று ஷூவைப் பார்த்தார்.

"இம்மாம் ஒசரக் குதியில நடந்தா கனமெல்லாம் முட்டியிலதானே எறங்கும்? கழட்டுங்க சார்."

"கழட்டினா பேண்ட் தரையில இழுக்குமே."

சிரித்துக்கொண்டே தாலிக்கயிற்றிலிருந்து இரண்டு ஊக்குகளை எடுத்து நீட்டினார். "மடிச்சுக் குத்திக்குங்க." தன் ரப்பர் செருப்பையும் கழற்றி வைத்தார். "கொல்லக்காட்டுல எனக்கு எதுக்கு? சாயங்காலம் வாங்கிக்கிறேன்."

பிள்ளைகள் சிரிப்பார்களே என்று கூசிக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைந்தேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி துள்ளி எழுந்தாள். "ஐ! சார் எங்கம்மா செருப்பு போட்டிருக்காங்க!" அவள் முகத்தில் அத்தனை பெருமை.

அந்த வாரமே தட்டைச் செருப்பு வாங்கினேன். வலி மெல்ல மெல்ல விட்டது. அந்த அம்மாவின் செருப்பை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஊக்குகளைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. அனுப்பாத அந்த மாற்றல் மனுவில் குத்தி, இன்றும் வைத்திருக்கிறேன்.