பிரஷ் மட்டும்தான் என்றார்கள்

யூலா கேஸ்கின்ஸ் போராடி ஜெயித்தவை இவை. பால்டிமோர் துறைமுகத்தை ஒட்டிய டர்னர் ஸ்டேஷன் என்ற குடியிருப்பின் பள்ளிக்கூடத்தில், பையன்களுக்கே கொடுத்துப் பழகிப்போன வேதியியல் பரிசு. உனக்கெல்லாம் சமையல்கலைதான் தோது என்று சொன்ன கல்லூரிப் பேராசிரியை அம்மாளை மீறி வாங்கிய வேதியியல் பட்டம். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எலிக்கூண்டு கழுவச் சேர்ந்து, அதே எலிகளின் நுரையீரலைப் பார்த்து அறிக்கை எழுதும் நாற்காலிக்குப் போனது. வாஷிங்டனில் அரசாங்க உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் ஜன்னலோர மேஜை. மற்ற எல்லாவற்றையும்விட அந்த மேஜைக்குத்தான் அதிகச் சண்டை.

அக்கா பெர்னிஸ் இதைச் சர்ச்சில் யாரிடம் சொன்னாலும் ஒன்றையும் விட மாட்டாள், வரிசையையும் மாற்ற மாட்டாள். மேஜையைச் சொல்ல மறந்துவிட்டால், கார் வரைக்கும் போனவள் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போவாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை செய்கிறாள். படுக்கை விரிப்பின் நான்கு முனையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் மடித்திருந்தால் பிரித்துத் திரும்ப மடிக்கச் சொல்லுகிறவள்.

தங்கை அங்கே என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டவர்களுக்கும் பெர்னிஸ் பதில் வைத்திருந்தாள். ஒரு கம்பெனி இதுவரை இந்த நாட்டில் இல்லாத ஒரு ரசாயனத்தைச் செய்து விற்க நினைத்தால், செய்வதற்கு முன்னால் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். அது ஆளைக் கெடுக்குமா, ஆற்றைக் கெடுக்குமா என்று அரசாங்கம் பார்க்கும். பார்க்கிறவர்களில் ஒருத்தி யூலா. "அப்படின்னா உன் தங்கச்சி எல்லாத்தையும் சோதிச்சுப் பாக்கறா" என்பார்கள். பெர்னிஸ் பெருமையோடு தலையை ஆட்டுவாள். 1986 செப்டம்பர் வரைக்கும் ஆட்டினாள்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து பெர்னிஸ் வீட்டுப் பின்கட்டில் மேஜைமேல் செய்தித்தாளை விரித்து அவித்த நண்டு கொட்டியிருந்தார்கள். பெர்னிஸின் கணவன் க்ளிஃப்டன் சரக்கு ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் ஸ்ப்ரே அடிக்கிறவன். நண்டைத் தட்டும் மரச்சுத்தியல் அவன் கையில் மெதுவாகத்தான் இறங்கும். அன்று யூலா தட்டிய தட்டில் ஓடு பறந்து அவன் சட்டையில் விழுந்தது.

"நண்டு ஏற்கனவே செத்துப்போச்சும்மா" என்றான் க்ளிஃப்டன். "யாரை நெனச்சு அடிக்கிறே?"

யாரை என்று சொல்ல யூலாவுக்கு அனுமதி இல்லை. கம்பெனிகள் தங்கள் பெயரையே ரகசியம் என்று எழுதிக் கொடுக்கும். ரசாயனத்தின் பெயரும் ரகசியம். அதைப் படித்தவள் வீட்டில் வாயைத் திறந்தால் வேலை போய்விடும். ஆகவே அவள் ஊர் பேர் இல்லாமல் சொன்னாள். பெயிண்ட் சீக்கிரம் இறுகுவதற்காக அதில் கலக்கிற ஒரு புது மருந்து. அதைச் செய்ய அனுமதி கேட்டு ஒரு கம்பெனி எழுதியிருக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய மருந்து ஒன்று, சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமாவைக் கொடுத்திருக்கிறது.

"சரி, சோதிச்சியா?" என்று பெர்னிஸ் கேட்டாள்.

"நாங்க எதையும் சோதிக்க மாட்டோம்க்கா. கம்பெனி சோதிச்சிருந்தா அதை எங்ககிட்ட குடுக்கணும்."

"குடுத்தானா?"

"சோதிக்கவே இல்லையே. சோதிச்சாதான் குடுக்கணும். சோதிக்கலைன்னா குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

பெர்னிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். இதில் ஏதோ தனக்குப் புரியாதது இருக்கிறது என்று நினைத்து இன்னொரு முறை பொறுமையாகக் கேட்டாள். "அப்போ போய் சோதிச்சுட்டு வாடான்னு சொல்லு."

"சொல்லலாம். ஆனா ஆபத்து இருக்குன்னு நாங்க காட்டினாதான் சொல்ல முடியும்."

"ஆபத்து இருக்குன்னு எப்படிக் காட்டுவே?"

"சோதனை பண்ணித்தான்."

க்ளிஃப்டன் சிரித்துச் சிரித்து இருமினான். இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பெர்னிஸ் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் சர்ச்சில் தலையை ஆட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "இந்தச் சட்டத்தை எழுதினவன் வீட்டுல பாத்திரம் கழுவியிருக்க மாட்டான்" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் அன்றைக்கு யூலாவின் கோபம் அதன்மேல் இல்லை. அதோடு அவள் பழகிவிட்டாள். சோதனை இல்லாவிட்டால் ரசாயனத்தின் அமைப்பைப் படமாகப் போட்டு, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி யார் யார், அவர்கள் என்னென்ன அட்டூழியம் செய்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அவர்கள் முடிவு சொல்வார்கள். அதில் யூலாவுக்கு நல்ல கண். கோபம் வேறு ஒன்றின்மேல். கம்பெனி தன் கடிதத்தில், இந்தப் பெயிண்ட்டை பிரஷ்ஷாலும் உருளையாலும்தான் பூசுவார்கள் என்று எழுதியிருந்தது. மீட்டிங்கில் பொறியாளர் அதைப் படித்துவிட்டு, பிரஷ் என்றால் காற்றில் பறக்காது, பறக்காவிட்டால் சுவாசிக்க மாட்டார்கள், ஆகவே ஆபத்து பூஜ்யம் என்று எழுதினார். ஒரு காலை வேளைக்கு இருபது ரசாயனம் பார்க்கிற மீட்டிங் அது. அடுத்ததற்குப் போய்விட்டார்கள். யூலா போகவில்லை. பிரஷ் என்று கடிதத்தில் எழுதினால் அது வெறும் பேச்சு, நாளைக்கே ஸ்ப்ரேக்கு விற்றால் சட்டப்படி யாரும் கேட்க முடியாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

பிரிவின் தலைவர் மிஸ்டர் ப்ளாட்ஜெட் கெட்டவர் இல்லை. தனக்குத் தலைவலி வராமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர். "அவங்கதான் பிரஷ்னு சொல்லிட்டாங்களே, யூலா" என்றார். பிறகு, அவள் வீட்டில் ஸ்ப்ரே அடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதாகவும், சொந்த விஷயத்தை ஆபீஸுக்குள் கொண்டுவருவது நன்றாக இருக்காது என்றும் மென்மையாகச் சொன்னார்.

இது தெரிந்தபோது பெர்னிஸ் இரண்டு நாள் அதே பேச்சாக இருந்தாள். அவர் வீட்டில் யாரும் பெயிண்ட் அடிக்காததால் அவருக்கு நியாயம் தெரியும், நம் வீட்டில் அடிப்பதால் நமக்குத் தெரியாது, அப்படித்தானே என்று சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற பெண்களிடமெல்லாம் கேட்டாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பெர்னிஸாலும் மேலே சொல்ல முடியவில்லை. ரகசியம் அவளுக்கும் ரகசியம்தான்.

பெர்னிஸை உண்மையிலேயே கலங்க வைத்தது யூலா போனில் சொன்ன இன்னொரு செய்தி. கடிதம் வந்த நாளிலிருந்து தொண்ணூறு நாள் கணக்கு. அதற்குள் அரசாங்கம் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்றே அர்த்தம். கம்பெனி அடுத்த நாளே உலையை மூட்டலாம். நவம்பர் நடுவில் கெடு முடிகிறது. அதற்குப் பிறகு அந்த மருந்து எந்த ரயில் யார்டுக்குப் போகும், எவன் மூக்குக்குள் போகும் என்று யூலா சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. க்ளிஃப்டன் அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான்.

"எதுவும் பேசலைன்னா சம்மதமா?" என்று பெர்னிஸ் கேட்டாள். "இது என்ன, கல்யாணப் பொண்ணா?"

அதற்குப் பிறகு யூலா ஆபீஸில் எலிகளைப் பற்றியும் ஆஸ்துமாவைப் பற்றியும் மேலே வாதாடுவதை விட்டுவிட்டாள். அக்டோபரில் கம்பெனியின் வக்கீல் வாஷிங்டனுக்கு வந்தார். ப்ளாட்ஜெட்டும் உட்கார்ந்திருந்தார். யூலா வக்கீலிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். அதை அவள் பெர்னிஸிடம் அப்படியே ஒப்பித்தாள்.

"பிரஷ், உருளை, இது ரெண்டும்தான்னு நீங்க சொல்றதை நாங்க நம்பறோம் சார். அதையே உத்தரவா எழுதறோம். நீங்களும் கையெழுத்துப் போடுங்க, நாங்களும் போடறோம். நீங்க சொன்னதைத்தான் எழுதப்போறோம், உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்பெனியில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஒரு வாரம் கழித்து அவர் அனுப்பிய பதிலில், பெரும்பாலும் பிரஷ்தான், ஆனாலும் சில வாடிக்கையாளர்களின் வசதிக்காக வேறு முறைகளையும் அடைத்துவிடாமல் இருந்தால் நல்லது என்று இருந்தது. பொறியாளர் அதைப் படித்துவிட்டு தன் பூஜ்யத்தை அடித்துவிட்டு வேறு எண்ணை எழுதினாராம்.

"வேறு முறைன்னா ஸ்ப்ரேதானே?" என்று பெர்னிஸ் கேட்டாள்.

"ஸ்ப்ரேங்கற வார்த்தையை மட்டும் எழுதலைக்கா. மத்தபடி எல்லாம் எழுதியிருக்கான்."

அதற்குப் பிறகு வேலை நகர்ந்தது, ஆனால் அரசாங்க வேகத்தில். உத்தரவை யூலா எழுதினாள். எலிகளை வைத்து நுரையீரல் சோதனை செய்து முடிவைக் கொடுக்கும் வரை ஸ்ப்ரே கூடாது. டப்பாவின்மேல் அப்படியே அச்சடிக்க வேண்டும். அரசாங்க வக்கீல் அதைத் திருத்தினார். வேறொரு வக்கீல் திருத்தத்தைத் திருத்தினார். தட்டச்சு செய்யும் பெண் லீவில் போனாள். யூலா ஒவ்வொரு முறையும் போனில் வக்கீல்களைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. பெர்னிஸ் சர்ச்சில் குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளிப் பாடம் எடுக்கிறவள். கம்பெனிக்கு அடுத்த வருஷத்து விற்பனை காத்திருந்தது, கையெழுத்துப் போடாமல் முரண்டு பிடித்தால், பொறியாளரின் புது எண்ணைக் காட்டி அரசாங்கம் மருந்தையே தடுத்து வைக்கலாம், அது அவர்களுக்குப் பெரிய நஷ்டம். முணுமுணுத்துக்கொண்டே அவர்கள் முதலில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அரசாங்கத்தின் கையெழுத்து மட்டும் பாக்கி. அதை ப்ளாட்ஜெட் போட வேண்டும். யூலா எழுதியதில் எப்போதுமே அவர் பெயர்தான் இருக்கும். ஏழு வருஷமாக அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் ப்ளாட்ஜெட் என்ற பெயரில்தான் வெளியே போனது. யூலா அதைப் பற்றிப் பேசியதில்லை. பெர்னிஸ் பேசாமல் இருந்ததில்லை.

கெடுவின் கடைசி வேலை நாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே ஏதோ ஒரு செனட்டரின் அலுவலகத்திலிருந்து ப்ளாட்ஜெட்டுக்குப் போன் வந்திருக்கிறது. இந்த உத்தரவால் எத்தனை பேருக்கு வேலை போகும் என்று விசாரித்திருக்கிறார்கள். மதியம் வரை காகிதம் அவர் மேஜையிலேயே கிடந்தது. யூலா வாசலில் போய் நின்றாள். முதல்முறை போனபோது படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அடுத்த முறை திங்கட்கிழமை பார்க்கலாமா என்று கேட்டார். திங்கட்கிழமை கெடு முடிந்திருக்கும், நாம் பேசாமல் இருந்ததே சம்மதம் ஆகிவிடும் என்று யூலா சொன்னாள். அது தனக்கும் தெரியும் என்று அவர் சொன்னார்.

பெர்னிஸ் சலவைக்கூடத்துப் போன் பக்கத்தை விட்டு அன்று நகரவே இல்லை. மணி அடித்ததும் எடுத்தாள்.

"என்ன ஆச்சு? போட்டானா?"

"போடல. முதுகு வலின்னு வீட்டுக்குக் கிளம்பிட்டார்."

கையெழுத்துப் போடுவதற்கு முதுகு எதற்கு என்று பெர்னிஸ் கேட்டாள். யூலா சிரிப்பது கேட்டது. களைத்துப்போன சிரிப்பு.

"கேளுக்கா. போறதுக்கு முன்னாடி ஒரு துண்டுக் காகிதத்துல, தான் இல்லாத நேரத்துல பொறுப்பு யூலா கேஸ்கின்ஸுக்குன்னு எழுதி, தேதி போட்டு, மேஜைமேல வச்சுட்டுப் போனார். 'நீ கேட்டது, நீயே போட்டுக்கோ'ன்னார். நாளைக்கு செனட்டர் கேட்டா என் பேரைத்தான் காட்டுவார்."

"பயந்தாங்கொள்ளி" என்றாள் பெர்னிஸ். பிறகுதான் அவளுக்கு முழுவதும் விளங்கியது. "ஏடி, அப்போ நீ..."

"போட்டுட்டேன். மூணு பிரதி. அரசாங்க வக்கீல் பக்கத்துலயே நின்னு வாங்கிட்டுப் போயிட்டார்."

முழுப் பெயரையும் போட்டாளா என்று பெர்னிஸ் கேட்டாள். போட்டதாக யூலா சொன்னாள். நடுப்பெயரும் சேர்த்தா என்று கேட்டாள். சேர்த்துத்தான். பெர்னிஸ் போனை வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு சர்ச்சில் சொல்லும்போது தப்பு வரக் கூடாது என்று தேதியை வாய்விட்டு இரண்டு முறை சொல்லிக்கொண்டாள். யூலா மே கேஸ்கின்ஸ் அரசாங்கத்தின் சார்பில் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 1986 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை.