அலை தொட்ட கால்

நோணாங்குப்பத்தில் படகேறிக் கடற்கரையில் இறங்கியபோது அவரும் என்னோடு இறங்கினார். அறுபது வயதிருக்கும். நரைத்த தாடி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி. எல்லோரும் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் அலையின் விளிம்பில் நின்று, செல்போனைக் கீழே சாய்த்துத் தம் காலையே எடுத்துக்கொண்டிருந்தார். அலை வந்து தொடும்போது விரல்கள் கூசிச் சுருங்கும். அந்த நொடிக்காகத்தான் காத்திருந்தார். தவறிவிட்டால் அடுத்த அலை வரும்வரை அசையாமல் நிற்பார்.

"கடலையும் சேத்து நான் எடுத்துக் குடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார்," என்று சிரித்தார். "வீட்டுக்காரிக்கு அனுப்பறேன். வாதம் வந்து படுத்துட்டா. எடது கால்ல சூடு வெச்சாலும் தெரியாது. கடலு அவ நெறைய பாத்தவதான். கால நனைக்கணும்னுதான் கேக்கறா."

படத்தை அனுப்பினார். சற்று நேரத்தில் போன் அடித்தது. அலையின் இரைச்சலில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னாங்க, இவ்ளோ ஜில்லுனு இருக்குது!" என்றது ஒரு பெண்ணின் குழறிய குரல்.

"எந்தக் கால்ல?" என்று கேட்டார்.



"ரெண்டுலயுந்தான்," என்றார் அந்த அம்மா.

அவர் போனை நெஞ்சோடு பிடித்தபடி நின்றுவிட்டார். பிறகு அந்தப் படத்தை எனக்கும் காட்டினார். வயதான ஒருவரின் பாதமும் கொஞ்சம் நுரையும்தான் அதில் இருந்தன. குளிர்ச்சி எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.