காஜா பாய் செய்த அட்டை டேப்லெட்

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் காஜா பாய்க்கு, எந்தக் கம்பெனி எந்தப் புதுச் சாமானை அறிவித்தாலும் முதலில் வருவது சிரிப்பு. அப்புறம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, யூட்யூபில் பேசுகிற பையன்களைப் போலத் குரலை மாற்றிக்கொள்வார்.

"நண்பர்களே! இதுவரைக்கும் நீங்க பாத்ததெல்லாம் ஸ்க்ரீனே இல்ல நண்பர்களே!"

உடனே சொந்தக் குரல்: "அப்ப இருபது வருசமா நான் கிளாஸ் ஒட்டினது எதுமேல, வாழெல மேலயா?"

பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பாலக்கோடு பஸ்ஸைக்கூட விட்டுவிட்டுக் கேட்கிறவர்கள் உண்டு.

சிரிப்போடு விடமாட்டார். புதுச் சாமான் வாங்கப் போகிறேன் என்று யாராவது வந்தால், அறிவிப்பில் சொன்ன அதே நீள அகலத்துக்கு அட்டையை வெட்டி, உடைந்த கிளாஸ் துண்டுகளை உள்ளே அடைத்து, பக்கத்துக் காய்கறிக் கடை தர்மனின் தராசில் கிராம் சுத்தமாக எடை போட்டு, டேப் சுற்றிக் கொடுப்பார். மூன்று நாள் அதைக் கூடவே வைத்திருக்க வேண்டும். கை அதைத் தேடும்போதெல்லாம் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு. முப்பது கோடு வந்தால் வாங்கலாம். இதுவரை யாரும் தேறியதில்லை. அதிகபட்சம் பதினொன்று, அதுவும் கரண்ட் போனபோது விசிறிக்கொண்டவர் போட்டது. பெண்டாட்டியிடம் காட்ட இன்னும் இருபது கோடு போட்டுத் தாங்க என்று, புது போன் வாங்கத் துடித்த முருகேஷ் கெஞ்சியபோதுகூட பாய் மசியவில்லை.

இந்தக் குரலெல்லாம் கடையோடு சரி. பள்ளிவாசல் தெருவில் இருக்கும் வீட்டின் பூட்டைத் திறந்தால் கேட்க ஆள் கிடையாது. மனைவி ஷகிலா இறந்துபோய் நாலு வருடம். ஒரே மகள் ஹுமேரா ஓசூரில் குடித்தனம், கம்பெனி வேலை. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, ராயக்கோட்டை வழியாக பஸ் பிடித்து வந்து, சமைத்து, சாப்பிட்டு, சாயங்காலம் திரும்புவாள். அந்த ஒரு நாளை வைத்துத்தான் பாய் மற்ற பதிமூன்று நாளையும் ஓட்டினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் போன் வந்தது.

"அத்தா, இன்னிக்கி பதினோரு இஞ்ச் டேப்லெட் ஒண்ணு அறிவிச்சாங்களே, பாத்தீங்களா?"

"பாத்தேன். சப்பாத்தி தேய்க்கலாம் போல."

"கிண்டல் பண்ணாதீங்க. உங்களுக்குத்தான் ஆர்டர் போடப் போறேன். நான் கூப்பிட்டா தானா எடுத்துக்குமாம், நீங்க ஒண்ணையும் அமுக்க வேணாம். அங்க நீங்க சாப்பிடுங்க, இங்க நான் சாப்பிடறேன். டெய்லி பாத்துக்கலாம். இப்பிடி பஸ்ல இடிபட்டு வந்து..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

பாய்க்குப் புரிந்துவிட்டது. டேப்லெட் வந்தால் ஞாயிறு போய்விடும்.

"டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன்."

"பெத்த பொண்ணு வாங்கித் தர்றதுக்கும் அட்டை டெஸ்ட்டா?"

"யாரா இருந்தா என்னம்மா? கடைக்கு ஒரு ரூல்தான்."

போனை வைத்தபோது அவருக்கு நிம்மதியாக இருந்தது. எவனும் தேறாத பரீட்சை. நாலு கோடு விழும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஞாயிறு பத்திரம்.

புதன்கிழமை அட்டை தயாரானது. கடையில் இருந்தவரை ஒரு கோடும் விழவில்லை. வீட்டுக்கு வந்து, சும்மா இருக்கட்டும் என்று அதை ஊறுகாய் பாட்டில்மேல் சாய்த்து வைத்து, எதிரே சாப்பிட உட்கார்ந்தார். ரெண்டு வாய் வைத்ததும், "உப்பு கம்மி" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று யோசித்தார். கோடு போட்டார்.

வியாழக்கிழமை குழாயில் தண்ணீர் வராததை அட்டையிடம் சொன்னார். தக்காளி விலை இறங்கினால் தர்மன் அழுகிற மாதிரியே அழுதும் காட்டினார். நாலு வருடத்தில் முதல் தடவையாக, மகள் வராத ஒரு நாளில் அந்த வீட்டுக்குள் இன்னொரு ஆள் குரல் கேட்டது. கேட்டுக்கொண்டே தர்மனும் தக்காளிப் பையோடு உள்ளே வந்துவிட்டார்.

"யாரு பாய் வந்திருக்காங்க? என் குரல் மாதிரியே இருக்குது?" என்றவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அட, அட்டைகிட்டயா பேசறீங்க?"

"டெஸ்ட்டுப்பா."

"டெஸ்ட்டுக்கு எதுக்குங்க ரெண்டு தட்டு?"

பாய் கீழே பார்த்தார். ரெண்டு தட்டு இருந்தது. எப்போது எடுத்து வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. தர்மன் அதற்குமேல் கேலி பண்ணவில்லை. தக்காளியைக் கூடையில் கொட்டிவிட்டு, "நல்லா பழுத்தது, நாளைக்கே செஞ்சிருங்க" என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடுகளை எண்ணினார். நாற்பத்து மூன்று. திரும்ப எண்ணினார். அதேதான். பென்சிலின் மறுமுனையில் ரப்பர் இருந்தது. நாற்பதை அழித்துவிட்டால் விஷயம் முடிந்தது. ரப்பரை அட்டைமேல் வைத்தார். ஒரு கோடு பாதி கலங்கியது. ஊரில் யாருக்கும் ஒரு கோட்டைக்கூட மாற்றித் தராத கை இது. அந்தப் பாதிக் கோட்டின்மேல் மறுபடி பென்சிலை ஓட்டினார்.

போன் அடித்தது.

"என்னத்தா, பெயிலா?"

"பாஸ்."

"நெசமாவா? எத்தன கோடு?"

"முப்பதுக்கு மேல" என்றார். எண்ணிக்கையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஹுமேரா சிரித்த சிரிப்பில் அயாஸ் மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் என்ன என்று கேட்பது காதில் விழுந்தது. "எங்கத்தா வாயால வாங்குன்னு சொல்லிட்டாரு!" என்று அவரிடம் சொல்லிவிட்டு, "இப்பவே போட்டுடறேன், அடுத்த மாசம் வந்துரும்" என்றாள்.

"நாளன்னிக்கி ஞாயிறு..."

"அதாங்கத்தா, ஓவர்டைம் கூப்புட்றாங்க. அதான் இனிமே டெய்லி பாக்கப் போறமே."

"வேலையப் பாரும்மா. பஸ்ஸுலயும் கூட்டமாத்தான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கடையைத் திறந்தார். ஓசூர் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியாக இறங்கிய கலைமணி டீச்சர் நேரே கடைக்கு வந்தார்.

"பாய், அந்தப் புது டேப்லெட் எப்பிடிங்க? பசங்க உசிர வாங்கறாங்க."

"உங்க வூட்டுல எத்தன பேருங்க டீச்சர்?"

"மாமியா, அவரு, ரெண்டு பசங்க. நாத்தனாரு வேற வந்திருக்கா, ஒரே இரைச்சல். ஏன் கேக்கறீங்க?"

"அப்ப வேணாங்க."

"நீங்களே வாங்கறீங்களாமே? தர்மன் சொன்னாரு!"

"அதனாலதான் சொல்றேன், வேணாம்."

டீச்சர் சிரித்தார். அடுத்து யார் குரல் வரப்போகிறதோ என்று பாயின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பஸ் பாலக்கோடு பக்கம் கிளம்பிப் போனது.

"உங்க போன்ல கிளாஸு ஓரத்துல பிரிஞ்சிருக்குது, குடுங்க, ஒட்டித் தர்றேன்" என்று பாய் சொந்தக் குரலில் சொல்லிக் கையை நீட்டினார்.