பிரித்துவிட்ட தையல்

தெருவுக்கே அவள் டெய்லரக்கா. ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். ஆறு மாதக் கைக்குழந்தையான தன் மகளிடம் மட்டும் அந்தக் கண் ஏமாந்துவிட்டது.

குழந்தையின் சட்டை இடுப்பில் இறுக்கியபோது தையலைப் பிரித்துவிட்டாள். மறுபடி இறுக்கியது, மறுபடி பிரித்தாள். கை மட்டும் தொளதொளத்தது. அதைப் பிடித்துத் தைத்தாள். காய்ச்சல் சொட்டு மருந்துக்கு அடங்குவதும் மறுநாள் ஏறுவதுமாக இருந்தது.

"கான்ட்ராக்டர் தொப்பை பாரு! தாய்ப்பாலு சும்மாவா?" என்று சிரிப்பாள் நாத்தனார். டெய்லரக்காவுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

பிள்ளை பாலை மறுத்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா இடது விலாவுக்குக் கீழே விரல் வைத்து அழுத்திக்கொண்டே போனார். தொப்புளுக்கும் கீழேதான் விரல் நின்றது.

"இது சதை இல்லம்மா. மண்ணீரல் வீங்கியிருக்கு. ரத்தமும் ரொம்பக் கம்மி. கருங்காய்ச்சலா இருக்கலாம், கொசுவை விடச் சின்ன மணல் ஈ கடிச்சு வர்றது. ரத்தப் புற்றுநோயாவும் இருக்கலாம்."

"ரத்தம் எடுத்தீங்களே, தெரியலையா?"

"கருங்காய்ச்சல்னுதான் காட்டுது. ஆனா இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அது உங்க உடம்புலேர்ந்து வந்த எதிர்ப்புச் சக்தியோட அடையாளமாவும் இருக்கலாம். கால் எலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்க்கணும்."

நாத்தனார் கொதித்தாள். "வாசப்படி தாண்டாத பிள்ளையை எந்த ஈ கடிச்சுது? எலும்பைத் துளைக்கிறதாவது! லாரியோட போன என் தம்பி திரும்பி வரட்டும், பிள்ளையைப் பெத்தவன்கிட்ட கேட்டுக்கலாம்."

வாசப்படி தாண்டாத பிள்ளைதான். ஆனால் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தொட்டிலைக் கட்டியது ஈரம் ஊறி வெடித்த சுவரோரம். சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகை. மேலே போட்டிருந்த வலை, ஜன்னலுக்குப் போட்ட வலைத்துணியில் மிச்சம் பிடித்துத் தன் கையாலேயே தைத்தது. அதன் கண்களில் கொசு நுழையாது. அதைவிடச் சின்னது?

"அவர் வர்ற வரைக்கும் தாங்காது அண்ணி. போடுங்க டாக்டர்."

கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளேயிருந்து வந்த அழுகையில் தெம்பே இல்லை. வீறிட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மஜ்ஜையில் கிருமி தெரிந்தது. கருங்காய்ச்சல்தான்.

"நல்லவேளை" என்றாள் நாத்தனார்.

"மருந்து சிறுநீரகத்தைத் தாக்கலாமாம் அண்ணி. அதுக்குள்ள நல்லவேளைன்னு சொல்லாதீங்க."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. சிறுநீர் எவ்வளவு போகிறது என்று பார்க்க, நனைந்த துணியை எல்லாம் நர்ஸ் எடை போட்டார். துணி காய்ந்தே கிடந்த ஒரு மதியம், நாத்தனார் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் துணி நனைந்தது. பிறகு காய்ச்சல் விட்டது, வயிறு வற்றியது.

வீடு திரும்பும்போது, "கான்ட்ராக்டர் இளைச்சுட்டாரு" என்றாள் நாத்தனார். யாரும் சிரிக்கவில்லை, அவளும்தான்.

இந்த நோய் திரும்பவும் தலைகாட்டலாம், வயிற்றைக் கவனித்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார் டாக்டரம்மா. தொட்டில் நடுவீட்டுக்கு வந்தது, நெருக்கமான வலையோடு. சட்டையின் இடுப்பைப் பழைய அளவுக்கே பிடித்துத் தைத்தாள். காலையில் அதைத்தான் முதலில் மாட்டிப் பார்ப்பாள். பட்டன் சுலபமாகப் பூட்டும். அப்படியும் அவள் விரல்கள் விலாவுக்குக் கீழே போய் ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வரும்.