காயமில்லாமல் எழுந்தவன்

அண்ணன் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தான். இரண்டு உள்ளங்கையும் வெந்து வெடித்து, ஆறி, மறுபடி வெடித்திருக்கும். அந்தக் கையால்தான் வாரப் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தொடர்கதை வாசிப்பான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

கதையில் வேறொரு நட்சத்திரத்திலிருந்து ஒருவன் வருவான். செவ்வாய்க் கிரகத்துச் சுரங்கத்தில் அடிமையாகக் கிடக்கும் ஜனங்களைத் தொட்டே குணமாக்குவான். அதிகாரிகள் அவனைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். அந்த வாரம் அதோடு முடிந்தது. நான் அழுதேவிட்டேன்.

"ஏலே, இதுக்குப் போயா அழுவுற? எந்திரிச்சிருவான் பாரு. நம்ம சேசு கதையத்தான் சட்டைய மாத்தி விட்டிருக்காக," என்று அண்ணன் சிரித்தான்.

மறுநாள் சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு தொடங்கும் நாள். எங்கள் வீட்டில் தபசு காலம் முடிகிறவரை ஆளுக்கொரு பிரியமானதை விட்டுவிட வேண்டும். அம்மா வெற்றிலையை விட்டாள். நான் காப்பியை. அண்ணன் கதையை விட்டான். வாரா வாரம் பத்திரிகையை எடுத்து வைக்கும்படியும், ஈஸ்டருக்கு மொத்தமாக வாங்கிக்கொள்வதாகவும், பத்திரிகை இரவல் தரும் சலூன்காரரிடம் சொல்லிவைத்தான்.

நடுவில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிற்றைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டான்.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் நேரே சலூனுக்குப் போனேன். அந்த நட்சத்திரக்காரன் எழுந்தானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எழுந்திருந்தால் அண்ணன் நம்பிய மற்றதும், செத்தவர்கள் எழுந்து வருவதும், நடக்கும் என்று ஏனோ தோன்றியது.

"ஒங்கண்ணன் கேட்டான்னு ஒருத்தரையும் தொடவிடல, அப்பு," என்று சலூன்காரர் பத்திரிகைக் கட்டை என் கையில் வைத்தார்.

வீட்டில் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசித்தேன். கடைசி இதழில் அவன் எழுந்துவிட்டான். அவனுடைய ஊர்க்காரர்கள் ஏதோ யந்திரத்தில் வைத்துச் சரிசெய்துவிட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பளபளவென்று வாகனத்தில் ஏறி, யாரையும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாம்மா."

"காயம் ஒண்ணுமே இல்லையா? அப்ப அவன்தான்னு எப்படித் தெரியும்? நம்ம ஆண்டவரு எந்திரிச்ச பெறகு ஆணி அடிச்ச கையக் காமிச்சாருல்ல. திங்க எதும் இருக்கான்னு கேட்டு, மீன் வாங்கித் தின்னாருல்ல."

கோயில் படத்தில் சிறகோடு இருக்கிற சம்மனசு மாதிரி அண்ணனும் வெள்ளை வெளேரென்று எழுந்து வருவான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"அண்ணனுக்குக் கை சரியாப் போயிருக்குமாம்மா?"

அம்மா இதழ்களைத் திரும்ப அடுக்கிக் கட்டினாள்.

"எரிச்சல் போயிருக்கும். தழும்பு இருக்கட்டும்டா. கண்ணு தெரியாமப் போனாலும் தொட்டதும் எனக்கு அவன்தான்னு தெரியணும்."

பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். தபசு முடிந்திருந்தது.