வேப்பம்பட்டில் ஒரு பூங்கா

இன்று காலை எங்கள் நகர்ப் பூங்காவில் புல் வெட்டினார்கள். அந்தப் பச்சை வாசனை என்னை ஒன்பது வயதுக்குக் கூட்டிப்போனது.

அப்போது இங்கே வெறும் முள்ளும் ஆட்டுப் புழுக்கையும்தான். மனை வரைபடத்தில் மட்டும் 'பூங்கா' என்று போட்டிருந்தது. ஒருநாள் மனை விற்றவரின் ஆட்கள் அதையும் மனையாகப் பிரித்து விற்கக் கல் நட வந்தார்கள். அடுப்பில் தோசையை அப்படியே விட்டுவிட்டு அம்மா ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இன்னாப்பா பண்றீங்க? இது பார்க்கு எடம்."

"பார்க்கு எங்கம்மா கீது? முள்ளுதான கீது."

"இன்னிக்கி முள்ளு, நாளைக்கிப் பார்க்கு. கல்ல எடுத்துக்கினு கெளம்பு."

மறுநாள் முதலாளியோடு வருவதாகச் சொல்லிப் போனார்கள். அன்று மாலைக்குள் தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து முள்ளை வெட்டினார்கள். அப்பா இரண்டு கம்பம் நட்டு டயர் ஊஞ்சல் கட்டினார். மறுநாள் முதலாளி காரைவிட்டு இறங்கியபோது, தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே ஆடிக்கொண்டிருந்தோம். எங்களைப் பார்த்தவர், மறுபடி காரில் ஏறித் திரும்பிவிட்டார். அந்த இடத்தை ஊராட்சியின் பேருக்கு எழுதி வாங்கும்வரை அம்மா ஓயவில்லை.

இன்று அதே அம்மா நடந்து களைத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புதிதாக வந்த காவலாளி அருகில் வந்தார்.

"டைம் ஆச்சு, பெரியம்மா. கேட்ட மூடணும்."

அம்மா யாரென்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் என் கையை அழுத்தினாள்.

"மூடு தம்பி," என்று சிரித்தபடி எழுந்தாள். வெளியே வந்ததும், "நல்லாப் பாத்துக்கறான்டி" என்றாள்.